முனையிலிருந்து ரன்வெய்க்குக்கு

ஸ்கார்விக்,
ஜனவரி 11

அன்புள்ள ரன்வெய்க்,

டிரம்சோவில் உன்னை யோருனிடம் விட்டுவிட்டு வீடு வந்து சேர்ந்தேன். விமானம் இரண்டு முறை இறங்கப் பார்த்து, காற்று தாங்காமல் மேலே எழும்பி, மூன்றாம் முறைதான் தரையைத் தொட்டது. விழித்திரையை ஒட்டவைக்க அறுவையில் செலுத்திய வாயு கண்ணுக்குள் இருக்கும்வரை உன்னை விமானத்தில் ஏற்றக் கூடாது என்று டாக்டர் சொன்னபோது எனக்கு வருத்தமாக இருந்தது. இப்போது அவ்வளவு வருத்தமில்லை.

நீ குப்புறப் படுத்தபடி இதைக் கேட்டுக்கொண்டிருப்பாய். பத்து நாள் முகத்தைக் கீழே வைத்துப் படுக்க என்னால் முடியாது. உன்னால் முடியும். போனில் பேசினால் நான் "ம்", "சரி" என்பதற்கு மேல் எதுவும் சொல்வதில்லை, எழுதினால்தான் உருப்படியாக ஏதாவது வரும் என்றாய். அதனால் எழுதுகிறேன். யோருன், அக்காவுக்கு நிதானமாக வாசித்துக் காட்டு. எண்களை விழுங்கிவிடாதே, அவளுக்குக் கோபம் வரும்.

நீ சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்ட தாளைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். தினமும் பதினொரு மணிக்குக் கடல்முனைக்குப் போக வேண்டும். பெஞ்சில் உட்கார்ந்து அரை மணி நேரம் பார்க்க வேண்டும். பேசக் கூடாது, புகைக்கக் கூடாது, அடுத்தவர் படகை வேடிக்கை பார்க்கக் கூடாது. காற்று, மேகம், கடல், பறவை எல்லாம் உன் நோட்டில் ஏற வேண்டும். மாலை ஆறு மணிக்கு வானம். ஒரு நாளும் விடக் கூடாது. எல்லாம் சரி. ஆனால் அந்தப் படகு விஷயத்தின் கீழே மட்டும் இரண்டு கோடு போடச் சொன்னாயே, அது கொஞ்சம் அதிகம்.

முதல் நாள் இருபத்திரண்டு ஈடர் வாத்துகள் என்று உன் நோட்டில் எழுதினேன். இரண்டாம் நாளும் இருபத்திரண்டு. அதே இடம், அதே வரிசை. எவ்வளவு ஒழுங்கான வாத்துகள் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு அஸ்லாக் வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். தொலைநோக்கியை வாங்கிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"ஏம்ப்பா ஹால்வார், அது என் நண்டுக் கூண்டோட மிதவைப்பா. போன வாரம் நான்தான் போட்டேன்."

கடைக்காரி தூராவிடம் அவன் இதைச் சொல்லி முடித்த அரை மணி நேரத்தில் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. ரொட்டி வாங்கப் போனால், "இன்னிக்கு மிதவை எத்தனை முட்டை போட்டுச்சு?" என்று கேட்கிறாள். நோட்டில் அந்த இரண்டு நாளையும் அடித்துவிட்டு, பக்கத்தில் காரணத்தை எழுதியிருக்கிறேன். இப்போது தலையை முக்கினால்தான் வாத்து என்று கணக்கு வைத்துக்கொள்கிறேன்.

நேற்று மாலை வானம் தெளிவாக இருந்தது. வடக்கே துருவ ஒளி எழும்பி, மலைக்கு மேல் ஆடி, பள்ளிக்கூடக் கூரை வரைக்கும் வந்து கலைந்தது. நிறம் என்ற இடத்தில் "பச்சை" என்று எழுதிவிட்டுப் பழைய பக்கங்களைப் புரட்டினேன். பச்சைக்கு மட்டும் நீ ஒன்பது சொல் வைத்திருக்கிறாய். எலுமிச்சைத் தோலாம், பாசி படிந்த கயிறாம். எனக்கு அதெல்லாம் வராது. யோசித்துப் பார்த்து "எஞ்சினில் ஊற்றும் கூலன்ட் நிறம்" என்று எழுதினேன். சரியாகத்தான் இருந்தது, சத்தியமாக.

உடம்பைப் பார்த்துக்கொள். தலையைத் தூக்காதே.

என்றும் உன்,
ஹால்வார்


ஸ்கார்விக்,
ஜனவரி 30

அன்புள்ள ரன்வெய்க்,

இரண்டு மாத இருட்டுக்குப் பிறகு சூரியன் வந்துவிட்டது. இருபத்திரண்டாம் தேதி, பதினொன்று நாற்பதுக்கு, தெற்கு மலைப் பிளவில். முழுவட்டம் இல்லை, வாழ்த்து அட்டையைக் கதவிடுக்கில் செருகியதுபோல ஒரு விளிம்பு. நான்கு நிமிடம் இருந்தது. பள்ளிப் பிள்ளைகளை விட்டுவிட்டார்கள். எல்லாரும் முனைக்கு ஓடி வந்து என் பெஞ்சைப் பிடித்துக்கொண்டார்கள். தூரா தட்டு நிறையச் சூரிய உருண்டை பொரித்துக் கொண்டுவந்தாள், உள்ளே ஜாம் வைத்து. உனக்கென்று இரண்டு எடுத்து வைத்தேன். மறுநாள் நானே தின்றேன்.

இப்போது இன்னொரு விஷயம். அந்த வாரக் கணக்கை நான் போனில் வாசித்த பிறகு, யோருன் திரும்பக் கூப்பிட்டுச் சொன்னதிலிருந்து எனக்கு இருப்பே கொள்ளவில்லை. "அக்கா கேக்கச் சொல்றா. இருபத்தஞ்சாந் தேதி விரிகுடாவுல நாப்பது ஈடர்னு எழுதியிருக்கியாமே. வடகிழக்குக் காத்து ஒன்பது, புயல் அளவுன்னும் எழுதியிருக்க. ரெண்டுல எது பொய்?"

சரி. சொல்லிவிடுகிறேன். நாற்பதுதான் பொய். அன்று கதவைத் திறந்தேன், காற்று என்னையே திரும்ப உள்ளே தள்ளியது. காப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். முந்தின நாள் முப்பத்தெட்டு இருந்தது, இன்று நாற்பது இருக்கும் என்று அடுப்படியில் இருந்தபடியே எழுதினேன். யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைத்தேன். டிரம்சோவில் இருட்டறையில் கிடக்கிற ஒருத்திக்குத் தெரிந்துவிட்டது.

வடகிழக்குக் காற்று அப்படி அடித்தால் ஒரு வாத்தும் விரிகுடாவில் நிற்காது என்று சொல்லி அனுப்பியிருந்தாய். அப்படியானால் எங்கே போகும்? கேட்கவே வெட்கமாக இருந்தது. இருபது வயதிலிருந்து இந்தக் கடலில் இருந்தவன் நான். வலை எங்கே போகும், மீன் எங்கே போகும் என்று தெரியும். வாத்து எங்கே போகும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

இருபத்தெட்டாம் தேதி மறுபடி அதே காற்று. இந்த முறை போனேன். முனை வரைக்கும் நடந்தேன் என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும், பாதி வழி தவழ்ந்தேன். விரிகுடா வெறும் வெள்ளை நுரை. திரும்பி வரும்போது துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவருக்கு உட்பக்கம் எட்டிப் பார்த்தேன். அடேயப்பா! இருநூற்றுப் பன்னிரண்டு ஈடர். நடுவில், நீ விடாமல் சொல்லிக்கொண்டே இருப்பாயே, அந்தச் சின்ன வாத்துகள் ஒன்பது. நெஞ்சு காய்ந்த ஆரஞ்சுத் தோல் நிறம், கழுத்தைச் சுற்றிக் கறுப்புப் பட்டை. இருபதடி தூரத்தில் நின்றேன். ஒன்று அலகால் இறக்கையைக் கோதிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தது, "யாரிது?" என்கிற மாதிரி.

முப்பது வருஷம் அந்தச் சுவரில்தான் படகைக் கட்டினேன். புயல் நாளில் கட்டியதும் வீட்டுக்கு ஓடி வந்துவிடுவேன். என் முதுகுக்குப் பின்னால் இத்தனையும் மிதந்துகொண்டிருந்திருக்கின்றன.

நாற்பதை அடித்துவிட்டேன். "பார்க்கவில்லை, சோம்பல்" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

இரண்டாவது அறுவைக்கு அடுத்த வாரம் கூப்பிடுகிறார்கள் என்று யோருன் சொன்னாள். பயப்படாதே என்று எழுத நினைத்தேன். நீ பயப்படுகிற ஆள் இல்லை, நான்தான். யோருன், இந்தப் பத்தியை வாசித்துவிட்டு மறந்துவிடு: ரன்வெய்க், படுக்கையில் உன் பக்கத்துத் தலையணை ஜில்லென்று கிடக்கிறது. அதன்மேல் தொலைநோக்கிப் பெட்டியை வைத்திருக்கிறேன், ஏதாவது ஒன்று இருக்கட்டும் என்று.

உன்,
ஹால்வார்


ஸ்கார்விக்,
பிப்ரவரி 19

அன்புள்ள ரன்வெய்க்,

நீ சொல்லி, யோருன் எழுதிய கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. மூன்று முறை படித்தேன். பிறகு மேலங்கியை மாட்டிக்கொண்டு முனைக்குப் போய்ப் பதினோரு மணிக் கணக்கை எடுத்துவிட்டு வந்து நான்காம் முறை படித்தேன்.

விழித்திரை ஒட்டிக்கொண்டது, ஆனால் நடுவில் மூட்டம் அப்படியேதான் இருக்கும் என்கிறார்கள். வெளிச்சம் தெரியும், பெரிய உருவம் ஓரத்தில் தெரியும். வாத்து தெரியாது, எழுத்து தெரியாது. இன்னொரு கண் எப்போதோ போய்விட்டது, அது நமக்குத் தெரியும். இதை நீ நான்கே வரியில் சொல்லிவிட்டாய். அடுத்த வரியில், நோட்டை நிறுத்திவிடு, வாசிக்க முடியாத ஒருத்திக்காகக் குளிரில் போய் உட்கார வேண்டாம், அதனால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்டிருக்கிறாய்.

பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும்.

கிரிக்யே என்று கத்தும் உன் கடற்காகங்கள் எப்போது வரும் என்று பார்க்கப் பழைய நோட்டுகளை எல்லாம் அலமாரியிலிருந்து இறக்கினேன். போன ஆண்டு முனைக்குப் பக்கத்துச் செங்குத்துப் பாறையில் பதினொரு கூடுதான் என்று எனக்கும் ஞாபகம் இருக்கிறது. அதற்கு முந்தைய கோடையில் அந்தப் பறவைக் காய்ச்சல் வந்து அவை செத்து விழுந்தபோது, முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டு நீ கரையெல்லாம் பொறுக்கி மூட்டை கட்டினாய். அறுநூற்று நாற்பது என்று எண்ணியும் வைத்திருக்கிறாய். அன்று ராத்திரி நீ சாப்பிடவில்லை. வெறும் கடற்காகம்தானே என்று நான் சொன்னேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

தேதி தேடிக்கொண்டே போய், கடைசியில் முதல் நோட்டுக்கு வந்துவிட்டேன். முப்பத்தொரு வருஷத்துக்கு முந்தையது. முதல் பக்கத்தில் இப்படி இருக்கிறது, நீ மறந்திருந்தால் கேட்டுக்கொள்:

"ஜனவரி 17. வடமேற்குக் காற்று, கடுமை. வாத்து 63. படகு இல்லை. வாத்து 64. படகு இல்லை. மறுபடி 63. படகு இல்லை. வாத்து 58. இருட்டிவிட்டது, எண்ண முடியவில்லை. 4.10. படகு."

எனக்கு அந்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. எண்ணெய்க் குழாய் அடைத்துக்கொண்டு எஞ்சின் நின்றுவிட்டது. சின்னத் தீவின் மறைவில் ஆறு மணி நேரம் நங்கூரம் போட்டுக் கிடந்தேன். வீட்டுக்கு வந்ததும் நீ ஒன்றும் கேட்கவில்லை. "சூப் ஆறிப்போச்சு, சூடு பண்றேன்" என்றாய், அவ்வளவுதான். இவளுக்குக் கவலையே கிடையாது என்று நினைத்தேன். காலுறை காயவில்லை என்று சத்தம் வேறு போட்டேன். ரன்வெய்க், அந்த ஆறு மணி நேரமும் நீ முனையில் நின்றாயா?

அப்புறம்தான் மற்றதும் கண்ணில் பட்டது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சின்னதாக ஒரு நேரம். 3.25. 5.40. 2.15. ஓத நேரம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். என் பழைய படகுக் குறிப்பேட்டை எடுத்து ஒத்துப் பார்த்தேன். நான் துறைக்குள் நுழைந்த நேரம். இருபத்தைந்து வருஷம், ஒரு நாள் விடாமல். நான் படகை விற்ற மறுநாளிலிருந்து அந்தச் சின்ன எண் இல்லை. வாத்துகள் மட்டும் தொடர்கின்றன.

ஊரில் எல்லாரும், நானும்தான், உனக்குப் பறவைப் பைத்தியம் என்று கேலி செய்தோம். "ஆமா, பைத்தியம்தான்" என்று நீயும் சிரித்துக்கொண்டே போனாய். ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம்.

பிரயோஜனம் கேட்டாயே. எனக்கு இருந்தது. இனிமேல் இந்த நோட்டை நிறுத்தச் சொல்லாதே, உன் பேச்சைக் கேட்க மாட்டேன்.

இன்றைய கணக்கு: தென்மேற்குக் காற்று நான்கு, கடல் மூன்று டிகிரி. ஈடர் நூற்று எழுபது. வெண்வால் கழுகு ஒன்று, கொடிக்கம்பத்தில், ஈரத்தில் நனைந்து முறைத்துக்கொண்டு. லொத்தே மீன் வந்துவிட்டது, பின்னாலேயே திமிங்கிலமும். விரிகுடாவின் வாயில் மூன்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. அஸ்லாக் கூண்டை இழுக்கப் போனவன் நனைந்துபோய் வந்தான். "பக்கத்துலயே எந்திரிச்சு மூஞ்சில ஊதிட்டுப் போவுதுப்பா. ஒரே அழுகின மீன் நாத்தம். என் பொண்டாட்டி வீட்டுக்குள்ளயே விட மாட்டேங்கறா." வாசல் கொட்டகையில் உட்கார்ந்துதான் இன்று சாப்பிட்டானாம்.

யோருன் வீட்டுக்குக் கீழ்த்தளம் காலியாகிறது, நாம் இரண்டு பேரும் டிரம்சோவுக்கே வந்துவிடலாம், லிஃப்ட் இருக்கிறது, தெருவெல்லாம் விளக்கு இருக்கிறது, மருத்துவமனை பக்கம் என்றும் எழுதியிருந்தாய். யோசிக்கிறேன். நிஜமாகவே யோசிக்கிறேன்.

உன்,
ஹால்வார்


ஸ்கார்விக்,
மார்ச் 8

அன்புள்ள ரன்வெய்க்,

யோருன், இந்த ஒரு கடிதத்தை நின்றுகொண்டு வாசி.

மார்ச் நான்காம் தேதி காலை மூடுபனி. பத்தடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. இன்றைக்குப் பூஜ்யம் என்று எழுத வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்தேன். காற்றே இல்லை. பத்து நிமிடம் இருக்கும். பாறைப் பக்கமிருந்து ஒரு சத்தம். "கிரி-யே". ஒன்றே ஒன்று. அப்புறம் சும்மா இருந்தது. காது ஏமாற்றுகிறது என்று நினைத்தேன். அப்புறம் ஒன்று, அதற்கு இன்னொன்று பதில், அப்புறம் ரன்வெய்க், மொத்தப் பாறையும் கத்தத் தொடங்கியது. கல்யாண வீட்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுவது போல. ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. கண்ணைத் திறந்திருந்தேனா மூடியிருந்தேனா என்றுகூட எனக்கு இப்போது நினைவில்லை. எத்தனை நேரம் அப்படி இருந்தேன் என்பதையும் குறிக்கவில்லை, அதற்கு நீ திட்டலாம்.

அஸ்லாக் சத்தம் கேட்டு வீட்டிலிருந்து செருப்போடு ஓடி வந்தான். போன வருஷம் முழுக்க, "அவ்வளவுதாம்ப்பா, இனிமே இந்தப் பக்கம் வராது" என்று சொன்னவன். பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தான். பிறகு, "ரன்வெய்க் இருந்திருக்கணும்ப்பா" என்றான். மூக்கைச் சிந்திக்கொண்டான். குளிர் என்றான்.

மதியம் பனி விலகியது. எண்ணினோம். எனக்கு நானூற்றுப் பதினேழு, அவனுக்கு முந்நூற்றுத் தொண்ணூறு. "இறக்கையை எண்ணி ரெண்டால வகுத்தியா?" என்கிறான். நான் மூன்று முறை எண்ணினேன். நானூற்றுப் பதினேழுதான். முன்பு இருந்ததில் பாதிகூட இல்லை, தெரியும். ஆனாலும் பழைய விளிம்புகளில் ஜோடி ஜோடியாக உட்கார்ந்து, கழுத்தை நீட்டி ஒன்றையொன்று திட்டிக்கொண்டிருந்தன. மறுநாளே கடலுக்குப் போய்விடும், இரண்டு நாளில் திரும்ப வரும், உன் நோட்டில் அப்படித்தான் இருக்கிறது. அப்படித்தான் நடந்தது.

உனக்குக் கேட்கட்டும் என்று பாறைக்குக் கீழே போய் போனை நீட்டிப் பிடித்தேன். நீ கேட்டதெல்லாம் வெறும் காற்றிரைச்சல்தான் என்று யோருன் சொன்னாள். நான் வேறு நடுவில் வழுக்கி விழுந்து கெட்ட வார்த்தை சொல்லிவிட்டேனாம், அது மட்டும் தெளிவாகக் கேட்டதாம். ஆக அந்த வழி உதவாது.

இன்னொரு வேலை செய்திருக்கிறேன். நீ வந்து பார்த்துவிட்டுக் கோபப்படுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். நம் வாசற்படியிலிருந்து முனைப் பெஞ்சு வரைக்கும் கம்பம் நட்டு, இடுப்பு உயரத்துக்குக் கயிறு கட்டியிருக்கிறேன். படகில் இருந்த நல்ல கயிறு, கைக்கு உறுத்தாது. பாதை பள்ளமாகும் இடத்தில் ஒரு முடிச்சு, பெரிய கல் இருக்கும் இடத்தில் இரண்டு முடிச்சு, பெஞ்சுக்கு முன்னால் மூன்று. மண் உறைந்து கிடக்கிறது, அஸ்லாக் துளைக்கருவியோடு வந்து இரண்டு நாள் உதவினான். எதுக்குப்பா இது என்று கேட்டான். காற்றுக்காக, ஜனவரியில் தவழ வேண்டியதாயிற்று என்றேன். முடிச்செல்லாம் எதுக்கு என்று அவன் கேட்கவில்லை. நல்ல மனுஷன்.

நேற்று நானே கண்ணைக் கட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்து நடந்து பார்த்தேன். இரட்டை முடிச்சு கல்லுக்கு ரொம்பக் கிட்ட இருக்கிறது, முழங்கால் இடித்தது. இன்று அதை ஓரடி முன்னால் மாற்றிவிட்டேன்.

டிரம்சோ விஷயத்துக்கு வருகிறேன். நீ நிஜமாகவே அங்கே இருக்க விரும்பினால் நான் வருகிறேன். வாயளவில் சொல்லவில்லை. வீட்டைப் பூட்டிச் சாவியைத் தூராவிடம் கொடுத்துவிட்டு, லிஃப்டில் ஏறி இறங்கிக்கொண்டு உன்னோடு இருப்பேன். பெரிய ஊரிலும் துறைமுகம் இருக்கும், நான் வேடிக்கை பார்க்கப் படகு இருக்கும். ஆனால் எனக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்பதற்காக நீ அங்கே இருக்க நினைத்தால், அது நடக்காது. என்னோடு நீ இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தினாய், நான் என்றாவது இலேசாக இருந்தேனா?

தவிர, என்னால் தனியாக முடியவில்லை. ஹவெல்லே வாத்து கூவுகிறதா, வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியாது. நேற்று ஒரு குரல் கேட்டது, மூன்று இறங்கு சுரம், கடைசியில் ஒரு சிணுங்கல். தொலைநோக்கியைத் திருப்புவதற்குள் நின்றுவிட்டது. என் கண்ணுக்கு அதெல்லாம் அகப்படுவதில்லை. நீயோ படுக்கையில் இருந்தபடி ஜன்னலுக்கு வெளியே கேட்கிற எல்லாவற்றுக்கும் பெயர் சொல்வாய். நோட்டில் அந்த இடத்தில் கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன். இப்படிப் பதினான்கு கேள்விக்குறி சேர்ந்துவிட்டது.

பதினைந்தாம் தேதி வடக்கே வரும் கப்பலில் உனக்கு அறை போட்டிருக்கிறேன், நடுத்தளத்தில், படி அதிகம் ஏற வேண்டியதில்லை. யோருன் உன்னை ஏற்றிவிடுவாள், பெரிய துறையில் நான் கீழேயே நிற்பேன். அங்கிருந்து அஸ்லாக்கின் வண்டி. மெதுவாக ஓட்டச் சொல்லியிருக்கிறேன், அவன் கேட்க மாட்டான். தொப்பி போட்டுக்கொள். கப்பலில் கஞ்சி சாப்பிடு, மீன் வேண்டாம், அங்கே வேகவைக்கத் தெரியாது.

யோருன் எனக்குத் தனியாக ஒரு வரி எழுதியிருந்தாள். உன் கம்பளிகளையும் கோடைக்காலத் துணியையும் அங்கேயே அவள் அலமாரியில் வைத்துவிட்டு, கைப்பையோடு மட்டும் வந்து பார்க்கலாம் என்று நினைக்கிறாயாம். உன் இஷ்டம். ஆனால் கேட்கிறேன், ரன்வெய்க்: முடிந்தால் ஒரு காலுறைகூட அங்கே விட்டுவிட்டு வராதே.

கடல் உனக்கு அமைதியாக இருக்கட்டும்.

உன்னை எதிர்பார்த்திருக்கும்,
ஹால்வார்